முள்ளில்லாத மீனும் என் பெயரில் ஒரு பாடும்

இந்தக் கடிதத்தைப் படிக்கும் ஐயா, அம்மா, வணக்கம். கனடாவில் நான் தொட்டி கழுவும் ஆய்வுக்கூடத்தின் மீன் அறைக்குள் நுழையுமுன், காலணியை மருந்துத் தண்ணீரில் நனைத்தாக வேண்டும். என் காலால் மீனுக்கு நோய் வந்துவிடக் கூடாதாம். எண்ணூர்க் கழிமுகத்தில் பிறந்தவனுக்கு இது இன்னும் பழகவில்லை. அங்கே அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த தண்ணீரில் இடுப்பளவு நின்று வலை கட்டும் என் தம்பி ஏழுமலைக்குக் கால் முழுதும் ஆறாத புண்.

இந்த மீனின் பெயர் ஸ்டிக்கிள்பேக். விரல் நீளம்தான். கடலில் வாழ்பவற்றுக்கு வயிற்றில் இரண்டு முட்கள் உண்டு. பனி உருகிய பழங்காலத்தில் ஏரிகளில் தங்கிவிட்டவற்றுள் சில இனங்களுக்கு அம்முட்கள் இல்லை. முள்ளை வளர்க்கும் மரபணு தொலையவில்லை. அது முழுமையாக இருந்து உடலின் வேறு பாகங்களை உருவாக்குகிறது. கரு வளர்கையில் வயிற்றருகே அதை எழுப்பும் சிறு டிஎன்ஏ துண்டு மட்டும் அறுந்துவிட்டது. நம் கால்களை அமைப்பதிலும் அதே மரபணுவுக்குப் பங்குண்டாம். நூலகத்தில் அகராதியோடு இதைப் படித்த அன்று என் கால்களையே வெகுநேரம் பார்த்திருந்தேன்.

"சாம்பல் தண்ணீரில் மீன் மாறுமா?" என்று ஆய்வாளர் ஹெலனைக் கேட்டேன்.

"பல தலைமுறைகளில் சில மாறலாம்."

"மற்றவை?"

தொட்டி மீன்களுக்காகக் கவலைப்படுகிறேன் என்று எண்ணினார் போலும். "நம் மீன்களுக்கு ஒன்றும் ஆகாது" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். விடை எனக்கே தெரியும். எந்த மீனும் முயன்று மாறுவதில்லை. தாங்காதவை குஞ்சு விடாமல் சாகின்றன. தாங்கியவற்றின் வழி மட்டும் மிஞ்சுகிறது. இனம் மாறிற்று என்ற ஒரு சொல்லுக்கு அடியில் அத்தனை சாவு கிடக்கிறது.

எங்கள் குப்பத்தில் வலை கட்டும் உரிமை குடும்பவாரியாக முறை வைத்து வரும். அதைப் பாடு என்போம். முறை நாளில் வீட்டார் எவரும் வலை இறக்காவிட்டால் முறைப் பட்டியலிலிருந்து அந்தப் பெயர் போய்விடும். நான் கடல் கடந்த பின்பும் என் பாடு வரும் நாளில் எனக்காக ஏழுமலைதான் இறங்குகிறான். இனித் தண்ணீரில் நின்றால் காலை எடுக்க நேரும் என்று மருத்துவர் எச்சரித்த பிறகு, தொலைபேசியில் அவனிடம் கெஞ்சினேன்.

"என் பேர எடுத்துடச் சொல்லுடா நைனா."

"இன்னாண்ணா பேசுற? பேர எடுத்துட்டா நீ யாரு, வெள்ளக்காரனா? நீ அங்க மீனுக்குத் தொட்டி கழுவிகினு இரு, போ."

"காலு பூடும்டா."

"பூனா இன்னா? முள்ளு போன மீனு உசுரோடதான கீதுன்னு நீதான சொன்ன?"

சொன்னது உண்மை. ஆனால் முள் போனது ஓர் இனத்துக்கு. கால் போவது ஒருவனுக்கு. அவன் கால் போனதால் அவன் பிள்ளைக்குச் சாம்பல் பழகிவிடாது. இதைச் சொல்லத் தொடங்குமுன் அவன் சிரித்தபடி இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

நேற்று என் பாடு வரும் நாள். மாலையில் அவன் மனைவி அழைத்தாள்.

"வலையில வெறும் சாம்பலுதான் மாமா. காய்ச்சல்ல இவரு கரையிலயே வுழுந்துட்டாரு. ஆஸ்பத்திரில கீறோம். காலை எடுத்தாவணும்னு சொல்றாங்கோ."

இன்று காலையும் காலணியை மருந்துத் தண்ணீரில் நனைத்துத்தான் உள்ளே போனேன். என் கால்கள் ஈரமின்றி இங்கே நிற்கின்றன. என் பெயர் இதுவரை அங்கே அவன் கால்களில் நின்றது.

இந்தக் கடிதத்தை எறிந்துவிடாமல் எடுத்து வைத்திருக்கும்படி வேண்டுகிறேன்.