எலுமிச்சம்பழப் படத்தின் பின்பக்கம்

பாதி தோல் சீவிய எலுமிச்சம்பழம், ஓர் ஈயக் கூஜா, தட்டில் இரண்டு மீன்கள். ஜேர்மனியின் ஹம் நகரில் என் மாமி பராமரிப்பு வேலைக்குப் போய்வந்த வீட்டின் வரவேற்பறையில் அந்த எண்ணெய் வண்ணப் படம் தொங்கியது. நோயில் படுத்திருந்த முதியவர் அதை "அப்பாவின் படம்" என்பார். அந்த அப்பா இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இத்தாலியில் சிப்பாயாக இருந்தவர்.

சுவருக்கு வண்ணம் அடிக்க ஆள் வந்த அன்று மாமி படத்தைக் கழற்றினார். பின்பலகையில் இத்தாலிய அருங்காட்சியகம் ஒன்றின் முத்திரை இருந்தது. கேட்டதற்கு, "குண்டுவீச்சிலிருந்து அப்பா காப்பாற்றியது" என்றார் முதியவர், கூச்சமே இல்லாமல். "சண்டை முடிந்த பிறகு யாரிடமிருந்து காப்பாற்றுகிறீர்கள்?" என்று மாமி கேட்டார். அவர் சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் அப்போது டுசல்டோர்ஃபில் ஒரு நாளிதழின் செய்தியாளர். மாமி எனக்குத் தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, பேர் வெட்டின சாமானை எடுத்து வச்சிருக்கினம். வெக்கமில்லாமல் சுவரிலையும் கொழுவியிருக்கினம்."

யாழ்ப்பாணத்தில் எங்கள் பித்தளைப் பாத்திரங்களின் அடியில் உரியவரின் பெயரெழுத்தை வெட்டிவைப்பார்கள். கலியாண வீடு, செத்த வீடு என்று இரவல் போகும் பாத்திரம் அந்தப் பெயரைக் கொண்டுதான் வீடு திரும்பும். எங்கள் ஊர்ச் சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பியபோது மாமியின் வீட்டில் கதவுநிலைகூட மிஞ்சியிருக்கவில்லை. அவருடைய குடம் மட்டும் அயல்வீட்டு அடுப்படியில் இருந்தது. "உங்களுக்காகத்தான் பத்திரமா வச்சிருந்தனாங்கள், அக்கா" என்றாளாம் வீட்டுக்காரி. மாமி அதிலிருந்த தண்ணீரை அவள் முற்றத்திலேயே ஊற்றி, அடியிலிருந்த பெயரைக் காட்டிவிட்டுக் குடத்தோடு வந்தார். காப்பாற்றினோம், பத்திரமாக வைத்திருந்தோம்: எடுத்தவர்கள் எந்த நாட்டிலும் இப்படித்தான் பேசுகிறார்கள்.

நான் அருங்காட்சியகத்துக்கு எழுதினேன். படம் தங்களுடையது என்று உறுதிசெய்த அவர்கள் அதைத் திருப்பிக் கேட்டார்கள். திருப்பிக் கேட்பதற்கான முப்பது ஆண்டு சட்ட வரம்பு எப்போதோ கடந்துவிட்டதால் யாரும் தன்னைக் கட்டாயப்படுத்த முடியாது என்று முதியவரின் மகள் சட்டத்தரணி மூலம் பதில் அனுப்பினாள். அவள் சொன்னது பொய்யல்ல. எடுத்தவன் பிள்ளையின் காலம்வரை அதைச் சுவரில் வைத்திருந்தால் போதும், சட்டம் களைத்துவிடும். அந்தக் கடிதத்தை வாசித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. செய்தி மாமி மூலம் போயிருக்கும் என்று அவள் சந்தேகிக்கவில்லை. தகப்பனைக் குளிப்பாட்ட வருபவள் படத்தின் பின்பக்கத்தைப் பார்ப்பாள் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

முதியவர் இறந்தார். அடக்கம் முடிந்து எல்லோரையும் வீட்டுக்குக் கோப்பி குடிக்க அழைத்தார்கள். மாமியோடு நானும் போனேன். விருந்தாளி ஒருவர் படத்தைப் புகழ்ந்தார். "எங்கள் குடும்பச் சொத்து" என்றாள் மகள்.

மாமி கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்துபோய்ப் படத்தைக் கழற்றி, முத்திரை தெரியும்படி சுவரோடு சாத்தினார். "பெயர் இருக்கிறது. வாசியுங்கள்" என்றார் ஜேர்மன் மொழியான டொச்சில்.

யாரும் வாசிக்கவில்லை. எல்லோரும் தங்கள் கேக்கைப் பார்த்தார்கள். "சாவு வீட்டில் இதுதான் உங்கள் மரியாதையா?" என்று கேட்ட மகள், நாங்கள் மேற்சட்டை போடுவதற்குள் படத்தைப் பழையபடி மாட்டிவிட்டாள். அடுத்த கிழமை பராமரிப்பு நிறுவனம் மாமியை வேலையிலிருந்து நிறுத்தியது.

மாமி இப்போது ஒரு தொழிற்சாலைச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறார். எலுமிச்சம்பழம் அறையைப் பார்க்க, முத்திரை சுவரைப் பார்க்க, படம் அங்கேயே தொங்குகிறது. செய்ததை நினைத்து வருத்தமா என்று போன மாதம் மாமியிடம் கேட்டேன்.

"ஓம், இருக்கு" என்றார். "அந்த ஆணியையும் பிடுங்கியிருக்கோணும்."