ஓரிரு இடங்களில் லேசான மழை

அத்தை வருஷம் முழுக்கக் குடையோடுதான் வேலைக்குப் போவாள். வெயில் மண்டையைப் பிளக்கிற மாதத்திலும் அந்தக் கறுப்புக் குடை இடது முழங்கையில் தொங்கும். விரிக்க மாட்டாள். வட்டார வானிலை அலுவலகத்தில் வார முன்னறிவிப்பை எழுதுகிறவள் அவள்தான் என்பது தெருவுக்கே தெரியும். ஆரம்ப காலத்தில் அவள் குடை எடுத்தால் சலவைக்கடைக்காரர் கொடியில் கிடக்கும் துணியை உள்ளே இழுப்பார். எடுக்காவிட்டால் எதிர்வீட்டில் மெத்தையை வெளியே போடுவார்கள். திங்கட்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்கு அறிக்கை வெளியாகும்வரை அதிலிருந்து ஒரு சொல்கூட வெளியே போகக் கூடாது என்பது அலுவலக விதி. தன் முழங்கையே அறிக்கை வாசித்துக்கொண்டிருக்கிறது என்று புரிந்த நாளிலிருந்து அவள் குடையைத் தினமும் எடுக்க ஆரம்பித்தாள். அப்புறம் அவளைப் பார்த்துத் தெருவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாமல் போயிற்று.

வீட்டுக்குள்ளும் அதே சட்டம்தான். மாமாவுக்கு மொட்டை மாடிகளில் ஒழுகல் அடைக்கிற தொழில். பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுத் தார்ஷீட்டைச் சூடுகாட்டி ஒட்டுவார். அவரைத் தெருவில் கூப்பிடுவதே ‘ஒழுகல்’ என்றுதான். “அம்மா மழையை வரவழைப்பாங்க, ஐயா அதை வாசல்ல நிறுத்துவார். ஒரே வீட்டுல ரெண்டு வருமானம்” என்பார் சலவைக்கடைக்காரர். மாமா சிரிப்பார். மழையையே நம்பிப் பிழைக்கிற அந்த மனிதருக்கு, இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு திங்கட்கிழமைகூடப் பன்னிரண்டு மணிக்கு முன்னால் தகவல் கிடைத்ததில்லை. ரேடியோ வைத்துக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

வேலை கிடைத்து அந்த ஊருக்கு வந்த புதிதில் நான் அவர்கள் வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்தேன். சாப்பாட்டு மேசையில் என் பங்குக்குப் பேச எதுவும் இருக்காது. அதனால் நிறையக் கேட்டேன். அத்தை வீட்டில் புலம்புகிற ஒரே விஷயம் அலுவலகத்தின் சமரசப் புத்தி. வாரத்துக்கு இரண்டு வரைபடங்கள் வரும். ஒன்று கனமழை என்று சொல்லும், மற்றது வறட்சி என்று சொல்லும். இரண்டில் எது சரி என்று அத்தை துணிந்து எழுதிக்கொடுப்பாள். அதிகாரி இரண்டுக்கும் நடுவில் ஒன்றைப் போட்டுக் கையெழுத்திடுவார்: ஓரிரு இடங்களில் லேசான மழை. “ஒரு டாக்டர் காலை எடுக்கணும்கிறார், இன்னொருத்தர் வேண்டாம்கிறார். அதுக்காகப் பாதிக் காலை எடுப்பாங்களா?” என்பாள் அத்தை.

அந்த இலையுதிர்காலத்தில் மாமாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. முந்தின வருஷம் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பில் தகடு வைத்திருந்தார்கள். கூரைப் பூச்சை இயந்திரத்தால் பீய்ச்சி அடிக்கிற கம்பெனிக்காரர்கள் வந்து வேலைகளை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். மிஞ்சியது ஒன்றே ஒன்று: நோட்டுப் புத்தகக் கிடங்கின் கூரை. கிடங்கு முதலாளிக்கு இன்னும் மூன்று கட்டடங்கள் இருந்தன. இது நன்றாக அமைந்தால் அவையும் மாமாவுக்கு. மாமாவும் அவருடைய இரண்டு ஆட்களும் இன்னும் இரண்டு வருஷம் ஓட்டிவிடலாம். முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: இந்தத் திங்கட்கிழமை தொடங்க வேண்டும், மழை என்று தள்ளிப்போடுவதானால் வேலை இயந்திரக் கம்பெனிக்குப் போய்விடும், அவர்கள் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள்.

மாமாவின் முறை ஒரு நாளில் முடிகிற சமாச்சாரம் இல்லை. சுரண்டிய தளம் மூன்று நாள் காய வேண்டும். நடுவில் நனைந்தால் பழைய ஒழுகலே தேவலை என்று ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மாமா கதவு நிலையில் சாய்ந்து நின்றார். அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

“அஞ்சே அஞ்சு நாள். ஆறாவது நாள் வானமே பிச்சுக்கிட்டு ஊத்தட்டும், நான் ஏன்னு கேக்க மாட்டேன்.”

“நாளைக்குப் பன்னண்டு மணிக்கு வரும். ஊரோட சேர்ந்து கேட்டுக்கோங்க.”

“நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு சும்மா நில்லு, போதும்.”

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு, அதே சட்டைக் கையை இன்னொரு தடவை தேய்த்தாள்.

மறுநாள் நண்பகல் ரேடியோவில் அறிக்கை வந்தது. வாரம் முழுக்கப் பெரும்பாலும் வறண்ட வானிலை. வியாழனன்று ஓரிரு இடங்களில் லேசான மழை. லேசான மழைக்குத் தார்ப்பாய் போதும். ஒன்றரை மணிக்கெல்லாம் மாமா கூரையில் இருந்தார். பொழுது சாய்வதற்குள் பழைய அடுக்கு முழுவதும் சுருள் சுருளாகத் தெருவோரம் வந்து குவிந்தது.

செவ்வாயும் புதனும் நல்ல வெயில். புதன் மாலை அத்தை வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்து, செருப்பைக் கழற்றாமலே கூடத்தில் நின்று சொன்னாள்: நாளைக்குக் கனமழை, ஆறு மணி அறிக்கையில் போட்டாயிற்று. மாமா கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார். கிடைத்த வீடுகளிலெல்லாம் தார்ப்பாய் வாங்கிக் கட்டினார்கள். மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு முதலில் வந்தது காற்று. நானும் போய் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கயிறு இருந்தது, பாய் போய்விட்டது. பக்கத்து மரங்கள் கொட்டிய இலையெல்லாம் தண்ணீர் இறங்கும் குழாய் வாய்களை அடைத்துக்கொண்டதால் கூரையில் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. மாமா முட்டி போட்டுக் கையால் இலையை அள்ளி வீசிக்கொண்டே இருந்தார். கீழே அது தன் போக்கில் இறங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கிடங்குக்குள் ஈரக் காகித வாடை. நோட்டுகள் ஊதிப்போய்க் கட்டுகளின் கயிறு தெறித்திருந்தது. முதலாளி சத்தம் போடவில்லை. ஒரு நோட்டை எடுத்துப் பிரிக்கப் பார்த்தார், பக்கங்கள் பிரியவில்லை. அதைத் திருப்பி வைத்துவிட்டுக் கேட்டார்:

“உங்க வீட்டுலதானே இதை எழுதுறாங்க?”

“அவ எழுதுறது ஊருக்குங்க” என்றார் மாமா.

அதோடு அவர் தொழில் முடிந்தது. இரண்டு ஆட்களையும் அவரே கூட்டிக்கொண்டு போய் இயந்திரக் கம்பெனியில் சேர்த்துவிட்டார். தார்ஷீட்டுக்குச் சூடுகாட்டுகிற பர்னரைச் சலவைக்கடைக்காரர் மூலம் யாருக்கோ கொடுத்தார். பனிக்காலத்தில் ஒரு வணிக வளாகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் காவல் வேலை கிடைத்தது. பூமிக்கடியில் இரண்டாவது தளம். வெளியே மழையா வெயிலா என்று அங்கே இறங்கி வருகிற வண்டிகளின் கண்ணாடியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அவர் பார்ப்பதில்லை என்றார். வீட்டு ரேடியோவிலும் பன்னிரண்டு மணி வந்தால் கை தானாகப் போய் அணைத்துவிடும்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் அதிகாரியைத்தான் கரித்துக்கொட்டினார்கள். அதற்கு முந்தின மாதம் அவர் கனமழை என்று எச்சரித்து, பள்ளிக்கூடங்களை மூடி, அன்றைக்குப் பார்த்துச் சுள்ளென்று வெயில் அடித்து, பத்திரிகைகள் அவரைக் கேலிச்சித்திரம் போட்டிருந்தன. அந்தப் பயத்தில் அத்தை எழுதினதில் தண்ணீரை ஊற்றிவிட்டார் என்பது குடும்பத்தின் தீர்ப்பு. என் அப்பா தொலைபேசியில், “நீ என்னக்கா எழுதிக் கொடுத்தே?” என்று நேராகவே கேட்டார். அத்தை, “கையெழுத்து அவரோடதுதான்” என்றாள். மாமா அந்தக் கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. அந்த வீட்டில் அவர்கள் பேசிக்கொண்டார்கள், சாப்பிட்டார்கள், ஒருவருக்கொருவர் மாத்திரை எடுத்துக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாயங்காலமானால் மாமா வெளியே போய்விடுவார்.

அத்தை முன்னறிவிப்புப் பிரிவிலிருந்து மாற்றல் கேட்டு, பழைய பதிவுகளைப் பார்க்கிற அறைக்குப் போனாள். பெய்து முடிந்த மழைகளைக் கூட்டிப்போடுகிற வேலை. ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தாள்.

ஓய்வுக்கப்புறம் ஏதோ சான்றிதழ் வாங்க என்னைத்தான் அலுவலகத்துக்கு அனுப்பினாள். அங்கே தட்டச்சு செய்கிற அக்கா பழைய வரைவுத் தாள்களைக் கழிவுக்குப் போடப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வாரத்துத் தாள் இருக்கிறதா என்று கேட்டேன். தேடி எடுத்துத் தந்தாள். வரைவில் யார் எதைக் கோடிட்டு அடித்தாலும் பக்கத்தில் தன் சுருக்கொப்பமும் நேரமும் போட வேண்டும் என்பது அவர்கள் வழக்கமாம். அதிகாரி அன்று பல் பிடுங்கிக்கொண்டு பதினொன்றரைக்குத்தான் வந்தார் என்பதும் அவளுக்கு நினைவிருந்தது. வீங்கின கன்னத்தோடு படித்துப்பார்க்காமலே கையெழுத்துப் போட்டாராம். வியாழக்கிழமைக்கு நேராக அத்தையின் கையில் ‘பெரும்பாலான இடங்களில் கனமழை’ என்று இருந்தது. அதன்மேல் ஒரே ஒரு கோடு, மேலே அதே கையில் ‘ஓரிரு இடங்களில் லேசான மழை’. ஓரத்தில் அத்தையின் சுருக்கொப்பம், காலை 9.40.