பச்சைப் பெயின்ற் பூசிய கைப்பிடி

தொண்ணூறுகளின் நடுவில் ஒக்லாந்தின் த்ரீ கிங்ஸ் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பக்கப் படி மரத்தாலானது. மழை பெய்தால் வழுக்கும். அந்த ஊரில் மழை பெய்யாத நாளைத்தான் தேட வேண்டும். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு உடுப்புக் காயப்போட அதில் இறங்கும் மனைவி, பிடிக்க ஒரு கம்பி போட்டுத் தரச் சொன்னாள்.

யாரோ தெருவோரம் போட்டிருந்த இரும்புக் கட்டில் ஒன்றைத் தூக்கி வந்து, அதன் கம்பிகளை அறுத்தெடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் வெல்டிங் மெஷினை இரவல் தந்தார். துருவை உரஞ்சி, இரும்பு பளபளத்த பிறகுதான் ஒட்ட வேண்டும் என்று வேலிக்கு மேலால் இரண்டு தரம் சொன்னார்.

அது நவராத்திரியின் கடைசி மூன்று நாள். துரு உரஞ்சும் கிரைண்டர் எங்களுடையது என்பதால், மனைவி அதற்குச் சந்தனப் பொட்டு வைத்துச் சரஸ்வதி படத்தின் முன் வைத்துவிட்டாள். விஜயதசமி வரை தொடக்கூடாது. மெஷின் இரவல், அதற்குப் பொட்டும் இல்லை, தடையும் இல்லை. என் சட்டம் அப்படி. இரண்டு நாள் பொறுத்திருக்கலாம். மறுநாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கைவேலையைக் காட்டும் அவசரம் எனக்கு.

துருவின் மேலேயே ஒட்டினேன். வெல்டிங் குச்சி இரும்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பொறி பறந்து சேர்ட்டில் ஓட்டை விழுந்தது. ஒட்டெல்லாம் சின்னச் சின்னத் துளை. அதன் மேல் பச்சைப் பெயின்ற் பூசினேன்.

மனைவி வந்து பார்த்தாள்.

"துருவெல்லாம் உரஞ்சித்தானே ஒட்டினனீங்கள்?"

"ஓம், முதலே உரஞ்சிட்டன்," என்றேன். வாய் கூசவில்லை.

பூசைக்கு வந்தவர்கள் பாராட்டினார்கள். நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். பத்து நாள் கழித்து, மழை விட்ட ஒரு காலையில், கால் வழுக்கி அவள் கம்பியைப் பிடிக்க, ஒட்டு விட்டுக் கம்பி கையோடு வந்துவிட்டது. நான் ஓடிப் போனபோது ஒரு கையால் வயிற்றைப் பொத்தியபடி படியடியில் கிடந்தாள். மற்றக் கை மணிக்கட்டில் முறிந்திருந்தது. பச்சைப் பெயின்ற் உடைந்த இடத்தில் துரு அப்படியே இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை.

"நான் கேட்டனான்தானே," என்று மட்டும் சொன்னாள்.

பிறகு வெல்டிங்கை ஒழுங்காகப் பழகி, துருவை உரஞ்சி, அதே இடத்தில் வேறு கம்பி ஒட்டினேன். நான் தொங்கிப் பார்த்தும் அசையவில்லை. அந்த வீட்டை விட்டுப் போகும்வரை அவள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் சுவரைப் பிடித்தே அந்தப் படியில் இறங்கினாள்.