ஆவரேஜ் என்று போடு

கிடர்பூர் துறைமுகத்தில் எங்கள் சரக்கு அலுவலகத்தின் தலைமை எழுத்தர் அவர். டாக்குரியாவில் வளர்ந்த தமிழர். எல்லோரும் வங்காளியில் ‘பொரோபாபு’, அதாவது பெரிய பாபு, என்றுதான் அழைப்பார்கள். மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட அரைக்கைச் சட்டை, வாயில் எப்போதும் ஓர் ஏலக்காய்.

ஊழியர்களின் ஆண்டு மதிப்பீட்டுப் படிவங்களை அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன். அந்தந்தப் பிரிவின் அதிகாரி கையெழுத்திடுவார். அறிவுக்கென்று இருந்த கட்டத்தில் ‘இன்டெலிஜென்ட்’ என்று வந்தால்தான் பதவி உயர்வு. அந்தக் கட்டம் வந்ததும் ஏலக்காயை மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு சற்று யோசிப்பார்.

ஒரு வருடம் கிரேன் ஓட்டுநர் ஒருவர் ஃபோர்மேன் ஆக வேண்டியிருந்தது. இன்ஜினியர் இரண்டு நாள் திணறிய கிரேனை அவர் ஒரு மணி நேரத்தில் ஓட வைத்தவர்.

“ஆவரேஜ்னு போடு.”

“சார், அந்தக் கிரேனைச் சரிபண்ணினதே அவர்தானே?”

“அரே பாபா, அதனாலதான்! கையெழுத்துப் போடப்போறது அந்த இன்ஜினியர். தன்னைவிடக் கெட்டிக்காரன்னு எவன் கையெழுத்துப் போடுவான்? நீ என்ன, அவனுக்கு வக்கீலா?”

நான் ‘ஆவரேஜ்’ என்றே தட்டச்சு செய்தேன். அந்த ஓட்டுநர் ஓட்டுநராகவே ஓய்வு பெற்றார்.

மறு வருடம் என் படிவத்தைப் பொரோபாபுவே தட்டச்சு செய்தார். அந்தக் கட்டத்தில் எனக்கு ‘இன்டெலிஜென்ட்’ என்று போட்டிருந்தார். என்னைப் பாராட்டினாரா, பழித்தாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை. பதவி உயர்வை மட்டும் வாங்கிக்கொண்டேன்.