கண்ணாடிக்குள் இருந்த சத்திரம்

ஏ.சி.யின் "ங்ங்..." சத்தம். என் முதல் வேலையை நினைத்தால் அதுதான் முதலில் காதில் விழுகிறது.

2004 வாக்கில், அரியலூர் பக்கம் ஒரு கம்பெனி, தன் இடத்துக்குள் இருந்த பழைய செங்கல் சத்திரத்தை இடிக்காமல், அதைச் சுற்றியும் மேலேயும் இரும்புச் சட்டமும் கண்ணாடியுமாக ஒரு பெரிய ஹால் கட்டியது. பார்க்க வருபவர்களுக்கு விவரம் சொல்ல என்னை உட்கார வைத்தார்கள். வரதராஜன்பேட்டையிலிருந்து தினமும் பஸ்.

சொல்ல நான் தயார்... கேட்கத்தான் ஆள் வரவில்லை. திறப்பு விழாவுக்கு வந்த கார்களோடு சரி. காலையில் வாட்ச்மேனுக்கு ஒரு வணக்கம். அதற்கப்புறம் நான் வாயைத் திறப்பது சாயங்காலம் கண்டக்டரிடம்தான். சத்திரத்தோடு சேர்த்து என்னையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று வீட்டில் கேலி வேறு.

மத்தியானம் மட்டும் வெளியே வேப்பமரத்தடியில் நாலைந்து பேர் சாப்பிட உட்காருவார்கள். பக்கத்துக் கொல்லைகளில் களை வெட்டும் பெண்கள். கண்ணாடி வருவதற்கு முன் அவர்கள் சாப்பிட்டுத் தலை சாய்த்தது இந்தச் சத்திரத்தில்தான். அவர்கள் பேசிச் சிரிப்பது கண்ணுக்குத் தெரியும், காதில் விழாது. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்களையே பார்த்திருப்பேன். சில நாள் அழுகையே வந்துவிடும்.

ஒருநாள் பொறுக்காமல் கதவைத் திறந்து கூப்பிட்டேன்.

"உள்ள வந்து சாப்பிடுங்கக்கா."

"எங்கள விடுவாங்களா பாப்பா?"

"நான்தானே இருக்கேன், வாங்க."

செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்கள். செல்லம்மா அக்கா பழக்கதோஷத்தில் தூக்குத் தண்ணீரைச் செங்கல் தரையில் தெளித்துவிட்டார். வெயிலில் கொதிக்கும் தரையை அப்படிக் குளிரவைத்துத்தான் அந்தக் காலத்தில் உட்காருவார்களாம். ஏ.சி. ஹாலில்...

"அட, இங்கதான் சுடலியே," என்று அவரே சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். என் டப்பா மூடியில் கத்தரிக்காய்க் குழம்பு வந்து விழுந்தது. அங்கே நான் வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

ஈரத் தரையை மேனேஜர் பார்த்துவிட்டார். "தண்ணி பட்டா பழைய செங்கல் என்னத்துக்கும்மா ஆகும்? இனிமே யாரையும் விடாத."

கதவுச் சாவி வாட்ச்மேன் கைக்குப் போனது. அக்காக்கள் மரத்தடியிலிருந்து கையசைப்பார்கள். நானும் அசைப்பேன். அவ்வளவுதான்.

போன மாதம் ஊருக்குப் போனபோது இறங்கிப் பார்த்தேன். ஹாலை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். பூட்டும் இல்லை, வாட்ச்மேனும் இல்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம்.

சுற்றியிருந்த கொல்லையெல்லாம் சுண்ணாம்புக்கல் சுரங்கமாகிவிட்டது. களை வெட்ட யாரும் வருவதில்லை.

வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்... யாரையாவது உள்ளே கூப்பிட வேண்டும் போலிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒருத்தரும் இல்லை.