இரண்டு லிட்டர் தண்ணீர்

அவர் ஏசி மெக்கானிக். வயது நாற்பத்தொன்று. பகலில் மொட்டை மாடிகளில் ஏசி வெளிப்பெட்டிகளைப் பழுது பார்ப்பார். சில நாள் கழித்து அதே மாடிக்குப் போய் அவற்றின் செம்புக் குழாய்களை அறுத்து எடுத்துவருவார். விற்ற காசெல்லாம் போதை ஊசிக்காக. நான்கு ஆண்டுகளில் ஐந்து வழக்குகள், இருமுறை சிறை. இரண்டாம் முறை வெளியே வந்த பதினேழாம் நாள் மறுபடி குழாய் அறுத்தார். சிகிச்சை மையத்தில் அவரைப் 'பைப்பு' என்றே கூப்பிட்டார்கள். அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

ஐந்தாவது வழக்கில் மாஜிஸ்திரேட் இரண்டாண்டு சிறைக்குப் பதிலாகப் பதினாறு மாதக் கட்டாய சிகிச்சை விதித்தார். தினமும் நர்ஸ் முன்னால் மருந்து விழுங்க வேண்டும். வாரம் இருமுறை சிறுநீர்ப் பரிசோதனை. மூன்று முறை தவறினால் உத்தரவு ரத்து, சிறை.

இரண்டாம் வாரமே ஊசி போட்டுக்கொண்டு முதல் தவறைச் செய்தார். மூன்றாம் மாதம் இரண்டு நாள் வரவே இல்லை, அது இரண்டாவது. மறுநாள் அவருடைய அக்கா அவரை மையத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவர், சோப்பு வாசனையோடு நேரே வந்திருந்தார்.

"ஜெயில்ல உன்னைப் பாக்க மூணு பஸ் மாறி வந்தேன்டா. இங்க வர்றதுக்கு உனக்கு ஒரு பஸ்தானே? ஏற வலிக்குதா?"

"வலிக்குதுக்கா."

"வலிக்கட்டும். ஏறு."

ஏறினார். அடுத்த ஐந்து மாதங்களில் அவர் கொடுத்த நாற்பத்திரண்டு மாதிரிகளில் ஒன்றிலும் போதை இல்லை. மையத்தின் பதிவேட்டை எழுதுவது என் வேலை என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஒரு காண்ட்ராக்டர் அவரை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார். வெயிலில் மாடியில் நின்று உடம்பு வற்றிப்போய், பத்து மணிக்கு மையத்துக்கு வருவார். காவலுக்கு ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்பார். சிறுநீர் வராது. ஒரு வியாழக்கிழமை இரண்டு மணி நேரம் ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். காண்ட்ராக்டர் போனில் கத்தியது என் மேசை வரை கேட்டது.

"கம்ப்ரஸர் உனக்காகக் காத்துக்கிட்டிருக்கு. நீ எதுக்குய்யா காத்துக்கிட்டிருக்க? இன்னொரு நாள் இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன்."

திங்கட்கிழமை வரும் வழியில் அவர் இரண்டு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தார். மாதிரி உடனே வந்தது, பச்சைத் தண்ணீராக. நீர்த்துப்போன மாதிரியும் தவறிய மாதிரியாகவே கணக்கு என்பது மையத்தின் விதி. போதையை மறைக்க நினைப்பவர்கள் கையாளும் முதல் வழி அதுதான்.

"எவ்ளோ குடிச்சீங்க?" என்று நர்ஸ் கேட்டார்.

"ரெண்டு லிட்டரு. சீக்கிரம் வரணும்னு, சிஸ்டர்."

"சீக்கிரம் வந்துச்சு. ஆனா அதுல போதையும் இல்ல, நீங்களும் இல்ல. இது மூணாவதுங்க."

அவர் வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "இங்கயே உக்காந்திருக்கேன். ஒரு சொட்டுத் தண்ணி தொடமாட்டேன். மறுபடி எடுங்க." காலை 10.20 முதல் மாலை 3.40 வரை அந்தப் பெஞ்சில் இருந்தார். இரண்டாவது மாதிரி நல்ல மாதிரி, போதை இல்லை. 'விதிப்படி கணக்கில் சேராது' என்ற குறிப்போடு அதையும் பதிந்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கோர்ட்டு அனுப்பி வருகிறவன் திருந்துவானா என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் மையத்துக்கு உத்தரவின் பேரில் வந்தவர்கள் 186 பேர். முடித்த 97 பேரில் இரண்டாண்டுக்குள் மறுபடி வழக்கில் சிக்கியவர்கள் 19. பாதியில் நின்ற 89 பேரில் 52. கேட்டதும் தலையாட்டுவார்கள். ஆனால் முடிக்கும் உறுதி உள்ளவர்கள் எப்படியும் மீண்டிருப்பார்களோ என்னவோ; இந்த எண்கள் அதைச் சொல்லாது. தேறுவார் என்று தோன்றியவர்களை மட்டும் மாஜிஸ்திரேட் பொறுக்கி அனுப்பினாரா என்பதும் எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: அந்த வார வியாழக்கிழமை நீதிமன்றத்தில் உத்தரவு ரத்தானால், போதையில்லாத உடம்போடு இவர் 'பாதியில் நின்றவர்' பட்டியலில் ஏறுவார்.

நீதிமன்றத்தில் அக்கா மடியில் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தார். சிறைக்குப் போக நேர்ந்தால் என்று இரண்டு சட்டை, ஒரு துண்டு. இலவச சட்ட உதவி வக்கீல் தம்பியின் காதில் கிசுகிசுத்தார்: "விதி தெரியாதுன்னு சொல்லிடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"தண்ணி அதிகமா குடிச்சிட்டு வரக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"தெரியும் மேடம். சுவத்துல பெருசா எழுதியிருக்கு. மொத நாளே படிச்சும் காட்டினாங்க."

வக்கீல் ஃபைலை மூடிவிட்டார்.

"தெரிஞ்சுமா குடிச்சீங்க?"

"மறைக்கறவங்களுக்குத்தான் அந்த விதின்னு நெனச்சேன் மேடம். நான்தான் எதையும் மறைக்கலையே, குடிச்சா என்னன்னு குடிச்சிட்டேன்."

மாஜிஸ்திரேட் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். கடைசிப் பத்து வருகைகளில் அவர் காத்திருந்த நேரத்தையும், அந்த மாலை 3.40 மாதிரியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "மூணாவது தவறு தவறுதான். இப்ப நான் என்ன செய்யணும்னு கேக்கறீங்க?"

"வாரம் ரெண்டு நாள் வேணாம் மேடம். தெனமும் எடுக்கட்டும். காலைல ஆறு மணிக்கு, எந்திரிச்சதும் எதுவும் குடிக்காம வந்துர்றேன். அப்ப நல்லா வரும். ஏழு மணிக்கு நான் மாடில இருப்பேன்."

"ஞாயித்துக்கிழமை?"

"அன்னைக்கும்தான்."

"இன்னும் எட்டு மாசம் இருக்கு. ஒரு நாள் தவறினாலும் ஜெயில்."

"எண்ணிப் பாத்துட்டுத்தான் கேக்கறேன் மேடம்."

மாஜிஸ்திரேட் உத்தரவை அப்படியே மாற்றி எழுதினார். "ஆறு மணிக்கு நானும்ல வரணும்? என்னை யாரும் கேக்கலியே" என்று பதிவேட்டோடு என்னுடன் வந்திருந்த நர்ஸ் முணுமுணுத்தார். "என்னை மட்டும் கேட்டாங்களா? அஞ்சு மணிக்கு அவனை எழுப்பப் போறது யாரு?" என்றார் அக்கா, பையை மடியிலிருந்து கீழே இறக்கி வைத்தபடி.

மறுநாள் காலை 5.52க்கு நர்ஸ் ஷட்டரைத் தூக்கும்போது அவர் படியில் உட்கார்ந்திருந்தார். உதடு காய்ந்திருந்தது.

"குட் மார்னிங் அப்புறம் சொல்லிக்கலாம் சிஸ்டர். மொதல்ல டப்பாவக் குடுங்க."

அதிலிருந்து இருநூற்று நாற்பத்து மூன்று காலைகள். பஸ் பழுதாகி ஓடிவந்த ஒரு நாள் மட்டும் 6.11. காய்ச்சல் நூற்றிரண்டு டிகிரி இருந்த நாளில் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு 5.58க்கு வந்தார். ஒரு மாதிரியும் தவறவில்லை. உத்தரவு முடிந்து மூன்று ஆண்டு இரண்டு மாதம் ஆகிறது. அவர் பெயரில் புது வழக்கு இல்லை. இப்போதும் ஏழு மணிக்கு ஏதோ ஒரு மாடியில் இருக்கிறார்.