படத்தில் இருந்த வலம்புரி

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதன்பிறகு உப்பளம், செங்கல் சூளை, உடன்குடிக் கருப்பட்டி லாரி என்று சுற்றிவிட்டு, கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கும் ஆசையில் தூத்துக்குடிக் கரைக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு மாதம் கரையிலேயே காத்துக் கிடந்தேன். டீசல் கேன் சுமந்தேன், படகு கழுவினேன், காலில் ஆணி ஏறி ஒரு வாரம் நொண்டினேன். கடைசியில் படகுக்கார அண்ணாச்சி, "நாளைக்கு நீயும் எறங்குலே" என்றார். ஒரு வேலையில் எனக்கென்று ஓர் இடம் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

அந்தப் படகில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகக் குளிப்பவன் எடுக்கும் முதல் சங்கு அவனுக்கே. நான் மேலே கொண்டுவந்ததை அண்ணாச்சி வாங்கி, யாரிடமோ பேசிக்கொண்டே அதன் வாயோரத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, என் மடியில் போட்டார். "வச்சுக்கோ."

படகின் பின்பக்கம் போய் உட்கார்ந்து, சங்கை முகத்துக்குப் பக்கத்தில் ஒடுங்கிய வால் முனை மேலே இருக்கும்படி பிடித்து, செல்போனில் என்னை நானே படம் எடுத்தேன். அப்படிப் பிடித்தால் சாதாரணச் சங்குக்கு வாய் இடப்பக்கம் இருக்கும். வலப்பக்கம் இருந்தால் அது வலம்புரி, விற்றால் லட்சம் லட்சமாகக் கிடைக்கும். ஆயுசெல்லாம் குளித்தவர்களில் பலர் அதைக் கண்ணால் கண்டதில்லை.

படத்தில் வாய் வலப்பக்கம் இருந்தது.

எனக்குக் காது அடைத்துவிட்டது. சங்கைத் துண்டில் சுற்றிக் காலடியில் அமுக்கிக்கொண்டேன். எத்தனையோ ஆயிரம் சங்கு பார்த்த விரல் அண்ணாச்சியுடையது, அதற்குத் தெரியாமலா போயிருக்கும் என்ற நினைப்பு வரவே செய்தது. வயசாகிவிட்டது, விரல் மரத்திருக்கும் என்று அதற்கு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

கரையில் நான் தங்கியிருந்தது ஓர் இட்லிக்கடை அக்காவின் வீட்டுப் பின்கட்டில். உள்ளே இருக்கும் சதை அழுகிக் கழிய சங்கை ஒரு வாரம் மண்ணில் புதைத்து வைப்பார்கள். நானும் அன்று ராத்திரி இருட்டிலேயே கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தேன். மறுநாள் காலையில் படகடிக்குப் போய், இனி வரமாட்டேன் என்றேன்.

"ஏம்லே, தண்ணி பயமா?" என்றார் அண்ணாச்சி.

"சொந்தமா வேன் வாங்கி ஊரைச் சுத்தப் போறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சனிக்கிழம வரைக்கும் ஒன் எடம் கெடக்கும். அப்புறம் வேற ஆளு ஏறிருவான்."

அந்த வாரம் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. வேலை கிடையாது. இட்லி தின்பதும் செல்போனில் அந்தப் படத்தைப் பார்ப்பதும்தான். படத்தை விரலால் விரித்து விரித்து அந்த வாயையே பார்த்தேன். வேனுக்கு நீல நிறம் என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை அக்காவைக் கூப்பிட்டு, படத்தில் தெரிந்த வலம்புரியைப் பற்றிச் சொல்லிக் குழியைத் தோண்டினேன். நாற்றத்தில் தெரு நாய்கூடத் தள்ளிப் போனது. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவி, வாலை மேலே பிடித்தாள்.

"எடப்பக்கம்லா இருக்கு."

"மாத்திட்டாங்க அக்கா" என்றேன். "யாரோ ராத்திரி வந்து எடுத்துட்டு வேற சங்கை வச்சிருக்கான்."

"இந்த நாத்தத்தத் திருட எவன் வருவான்? எங்க, அந்தப் படத்தக் காட்டு."

கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"ஏலே, ஒன் பனியன்ல என்ன எழுதிருக்கு? வாசி."

ஐஸ் கம்பெனிக்காரர்கள் கொடுத்த பனியன் அது. நெஞ்சில் பெரிய எழுத்து. படத்தில் அத்தனை எழுத்தும் இடம் வலமாகத் திரும்பி நின்றன, கண்ணாடியில் பார்ப்பது போல. ஒரு வாரம், நூறு தடவையாவது பார்த்திருப்பேன். என் நெஞ்சு என் கண்ணில் படவே இல்லை.

அக்கா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். முதலில் எனக்குக் கோபம் வந்தது, பிறகு நானும் உட்கார்ந்துவிட்டேன். இட்லி வாங்க வந்தவர்கள் தூக்குச்சட்டியோடு எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் படத்தைக் காட்டினாள்.

சனிக்கிழமை விடியும்போது படகடியில் நின்றேன். அண்ணாச்சியிடம் போனை நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். இருமல் வரும்வரை சிரித்தார். போன் படகில் கை மாறிக் கை மாறிக் கடைசி ஆள் வரைக்கும் போய்த் திரும்பியது.

"தொட்டப்பவே தெரியும்லா எனக்கு. கேட்டிருந்தா சொல்லிருப்பேன்" என்றார். "வேன் எங்கலே?"

"இந்தா மெதக்குதே, அண்ணாச்சி."

"ஏறு."

ஏறினேன். சங்கு இன்றும் அக்கா கடையில்தான் இருக்கிறது, காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் கதவுக்கு முட்டுக்கொடுத்தபடி. நாற்றம் போய்விட்டது. படகில் யார் சின்னச் சங்கு எடுத்தாலும் என் பக்கம் நீட்டி, "ஒரு படம் புடிச்சுக் குடுடே, வலம்புரி ஆயிரட்டும்" என்கிறார்கள். நானும் பிடித்துக் கொடுக்கிறேன்.